பொன்காலியின் அரை நாள்

முதலில் ஒரு விடுகதை.

அதன் வீட்டுக்குச் சுவர் இல்லை, கூரையும் இல்லை. அதற்கு இருப்பது ஒரே ஒரு குரல். அது வாயைத் திறந்தால் கேட்டவர்கள் எல்லாரும் ஓடிவிடுவார்கள். அது வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். அது யார்?

பேய் என்று சிலர் சொல்வீர்கள். பேய் இல்லை. கணக்கு வாத்தியார் என்று பின்வரிசையில் யாரோ சொல்கிறீர்கள். அவரும் இல்லை.

அது ஆட்காட்டிக் குருவி. பெயரில்தான் குருவி. உண்மையில் புறாவைவிட உயரமான பறவை. நீண்ட மஞ்சள் கால். கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு சதைத்துண்டு. வெட்டவெளித் தரையில்தான் முட்டையிடும். ஆளைக் கண்டதும் காடு முழுக்கக் கேட்கும்படி கத்தும்.

நெடுமடு என்ற குளத்தின் கரையில் அப்படி ஓர் ஆட்காட்டி இருந்தாள். அவள் பெயர் பொன்காலி.

காவல்தான் அவளுடைய வேலை. விடியலில் தொடங்கி இருட்டும்வரை கரையில் நிற்க வேண்டும். இருட்டிய பிறகு ஆந்தை வந்து பொறுப்பை எடுத்துக்கொள்ளும். பொன்காலி நிற்கிறாள் என்ற தைரியத்தில்தான் காட்டெருமைகள் படுத்து அசைபோட்டன. மான்கள் கண்ணை மூடின. அதற்குப் பதிலாக எருமைச் சாணத்தில் வரும் பூச்சியெல்லாம் அவளுக்கு என்று வைத்திருந்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு இருந்தது. ஆள் வந்தால் பொன்காலி கத்துவாள். அவள் கத்தினால் எருமைகள் எழுந்து ஓடும். ஓடும்போது கரையிலிருக்கும் அவளுடைய முட்டைகளை மிதித்துவிட்டு ஓடும். மூன்று முறை அப்படி ஆகிவிட்டது. யார் மீதும் குற்றம் சொல்ல முடியவில்லை. கத்தியவள் அவள்தானே.

காலம் தப்பி இட்ட கடைசி முட்டைகளில் ஒன்று மட்டும் தப்பிப் பொரிந்தது. அந்தக் குஞ்சுக்குக் குறுணி என்று பெயர் வைத்தாள். குஞ்சின் தகப்பன் அது பொரியும் முன்பே பாம்புக்கு இரையாகிவிட்டான். சித்திரையில் வேறு துணை வரும், முட்டையும் வரும். ஆனால் இடம் அதே கரைதான், எருமைகளும் அதே எருமைகள்தான். அதை நினைத்தால் பொன்காலிக்குத் தூக்கம் வராது.

குளத்தின் நடுவில் ஒரு சின்னத் திட்டு உண்டு. எந்தக் குளம்பும் அங்கே போவதில்லை. அங்கே முட்டையிட்டால் ஒன்றுகூட உடையாது. ஆனால் கரைக்காவலர் கரையில்தான் இருக்க வேண்டும் என்பது நெடுமடுவின் வழக்கம். திட்டில் தங்கும் உரிமை நீர்பார்ப்பவருக்கு மட்டும்தான். குளத்தில் இன்னும் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அவர் சொல்வதை வைத்துத்தான் கூட்டம் ஆற்றுப்பக்கம் இடம்பெயரும். நாள் தப்பினால் வழியிலேயே குட்டிகள் செத்துவிடும்.

அப்போது நீர்பார்ப்பவராக இருந்தது சாம்பலன் என்ற நத்தைகுத்தி நாரை. தை பிறந்ததும் அவர் ஒரு செய்தி சொன்னார். பங்குனியில் கிளம்பினால் இனி நெடுமடுவுக்குத் திரும்ப மாட்டாராம். யார் வேண்டுமானாலும் நீர்பார்க்கும் படிப்பைப் படிக்கலாம். ஏழு பாடம். ஒவ்வொன்றையும் ஒரே முறைதான் சொல்வார். பத்தாவது சந்தை கழிந்த மறுநாள் தேர்வு.

நெடுமடுவில் வாரத்தைச் சந்தையை வைத்துத்தான் எண்ணுவார்கள். காட்டுப் பாதை வழியாக மனிதர்கள் வாரம் ஒரு நாள் சந்தைக்குப் போய்வருவார்கள். அது கழிந்தால் ஒரு சந்தை.

பொன்காலி தன் பெயரைச் சொன்னாள். ஒரு நீர்க்கோழியும் சொன்னது. இரண்டு பாடத்தோடு அது நின்றுவிட்டது.

பாடம் கேட்பதில் சிரமம் இல்லை. சாம்பலன் காலையில் அவள் நிற்கும் கரையோரமாகவே நத்தை குத்துவார். குத்திக்கொண்டே சொல்வார். சேறு எத்தனை அகலம் வெடித்தால் எத்தனை நாள். நத்தை எத்தனை ஆழம் இறங்கினால் எத்தனை நாள். கோரை நுனி எவ்வளவு கருகினால் எத்தனை நாள். இவள் ஒரு கண்ணைப் பாதையில் வைத்துக்கொண்டு காதை அவரிடம் கொடுப்பாள்.

சிரமம் அதற்குப் பிறகுதான். பறவைகளுக்கு ஒரு பாடம் மனதில் நிற்க வேண்டுமானால் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். பத்து முறை, இருபது முறை சொல்ல வேண்டும்.

முதல் பாடம் கேட்ட அன்றே பொன்காலி சொல்லிப் பார்த்தாள். பாதையில் ஆள் இல்லை. வெயில் ஏறியிருந்தது. கூட்டம் நிழலில் படுத்திருந்தது. அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "சேறு விரல் அகலம் வெடித்தால் அறுபது நாள்," என்றாள்.

நெடுமடு காலியாகிவிட்டது.

எருமைகள் வடக்கே ஓடின. மான்கள் கிழக்கே ஓடின. பன்றி ஒன்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் குளத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. ஒரு மான்குட்டி இலந்தை முள்ளில் விழுந்து காலைக் கிழித்துக்கொண்டது. புழுதி அடங்க வெகுநேரம் ஆனது.

கூட்டத்தின் தலைவர் கரியப்பர் திரும்பி வந்தார். அவர் பெரிய காட்டெருமை. அவர் மூச்சு வாங்கினால் புல் சாயும்.

"ஆள் எங்க?" என்றார்.

ஆள் இல்லை, பாடம் சொல்லிப் பார்த்தேன் என்று பொன்காலி தலைகுனிந்தாள்.

கரியப்பர் திட்டவில்லை. "இந்தா பாரும்மா," என்றார். "உன் குரலுக்கு ஒரு அர்த்தம்தான் இருக்கணும். ரெண்டு வந்துட்டா, எதுக்கு ஓடறது, எதுக்குப் படுத்திருக்கிறதுன்னு நாங்க எப்படிக் கண்டோம்?"

அவர் சொன்னது நியாயம்தான். இனிக் கரையில் பாடம் சொல்வதில்லை என்று பொன்காலி ஒப்புக்கொண்டாள்.

பிறகு குறுணியைத் தேடினாள். ஆட்காட்டிக் குஞ்சுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தாய் கத்தினால் இருக்கும் இடத்திலேயே ஒட்டிப் படுத்துக்கொள்ளும். கல்லோடு கல்லாகக் கிடக்கும். குறுணியும் அப்படித்தான் கிடந்தாள்.

"எழுந்திரு, ஒண்ணுமில்ல," என்றாள் பொன்காலி.

"ஆள் போயாச்சா?"

"ஆளே வரல."

குறுணி தலையை மட்டும் தூக்கினாள். "அப்போ எதுக்கும்மா கத்தினே?"

நான் கத்தவில்லை, பேசினேன் என்று சொல்ல நினைத்தாள் பொன்காலி. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத குஞ்சிடம் அதை எப்படிச் சொல்வது? அவளைச் சிறகுக்குள் எடுத்துக்கொண்டாள்.

இரவில் படித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இருட்டில் சேற்று வெடிப்பு தெரியாது. கூட்டமும் பக்கத்திலேயே தூங்கும். அதைவிட முக்கியம், பகல் முழுக்க நின்றவள் பொழுது சாய்ந்ததும் ஒற்றைக் காலில் நின்றபடியே தூங்கிப்போய்விடுவாள்.

பொன்காலி வாரத்தை நாள் நாளாகப் பிரித்து யோசித்தாள். சந்தை நாளில் மூச்சு விட முடியாது. காலையில் போகும் கூட்டம், மாலையில் திரும்பும் கூட்டம். மற்ற நாள்களில் விறகு வெட்டுகிறவர்கள், தேன் எடுப்பவர்கள். ஆனால் சந்தைக்கு மறுநாள் மட்டும் பாதை வெறிச்சோடிக் கிடக்கும். முதல் நாள் வாங்கி வந்ததைச் சமைத்துத் தின்றுவிட்டு மனிதர்கள் உச்சிக்கு மேல் தூங்குவார்கள். அந்த அரை நாள்தான் கிடைக்கும். உச்சி முதல் பொழுது சாயும்வரை.

அதைக் கரியப்பரிடம் கேட்டாள். தாராளமாக உட்கார்ந்துகொள், ஆனால் கரையை விட்டுப் போகாதே என்று அவர் சொன்னார். வாயைத் திறக்காமல் மனதுக்குள் சொல்லிப் பார்க்கலாம் என்று பொன்காலி சரி சொன்னாள்.

முதல் அரை நாள் வந்தது. மைனா ஒருத்தி பறந்து வந்தாள். "அக்கா, சும்மாதானே இருக்கீங்க? என் பிள்ளைங்களைக் கொஞ்சம் பார்த்துக்குங்க, இதோ வந்துடறேன்," என்று போனவள் பொழுது சாய்ந்துதான் வந்தாள். இரண்டாவது அரை நாளில் மான் ஒன்று முதுகில் உண்ணி கடிக்கிறது என்று வந்து படுத்துக்கொண்டது. ஒன்று போனதும் இன்னொன்று. மூன்றாவது அரை நாளில் பன்றிக்குப் பதினொரு குட்டி பிறந்ததைக் கொண்டாடினார்கள். காவல்காரி வராவிட்டால் நன்றாக இருக்குமா என்றார்கள். போனாள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் கேட்டது கொஞ்சம்தான்.

நான்காவது சந்தை நெருங்கியபோது சாம்பலன் முதல் பாடத்தைக் கேட்டார். பொன்காலிக்குப் பாதி மறந்துவிட்டது. இரண்டாவது பாடம் வரவே இல்லை. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் ஒரு நத்தையை எடுத்து மெதுவாகத் திறந்து தின்று முடித்தார்.

"பொன்காலியம்மா, எனக்குத் தெரிஞ்சு இதுவரைக்கும் நாலு பேர் இதைப் படிச்சாங்க," என்றார். "மூணு பேர் உங்களை மாதிரியே ரொம்ப நல்லவங்க. ஒருத்தரும் தேறல."

நாலாவது ஆள் என்ன ஆனார் என்று கேட்டாள். "அது நான்தான்," என்று சொல்லிவிட்டு அடுத்த நத்தையைத் தேடப் போய்விட்டார்.

அன்று பொன்காலி ஒரு முடிவுக்கு வந்தாள். கரையில் இருந்தால் அரை நாள் தனக்குக் கிடைக்காது. கரையை விட்டுப் போக வேண்டும். போக வேண்டுமானால் வேறு காவல் வேண்டும்.

குளக்கரை நாவல் மரத்தில் குரங்குகள் இருந்தன. அவற்றுக்கும் நல்ல கண், நல்ல தொண்டை. மூத்த குரங்கின் பெயர் நெடுவாலன். அரை நாள் காவல் பார்க்க முடியுமா என்று அவனிடம் கேட்டாள்.

"பார்க்கலாமே," என்றான் நெடுவாலன். "எனக்கு என்ன கிடைக்கும்?"

குரங்குகளுக்குத் தரையில் இறங்கித் தண்ணீர் குடிப்பது பயம். சிறுத்தை பதுங்கியிருக்கும். தினமும் விடியற்காலையில் குரங்குகள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று காவல் பார்க்கிறேன் என்றாள் பொன்காலி. அது அவள் பூச்சி பொறுக்கும் நேரம். பனியில் பூச்சி மெதுவாக ஊரும். அந்த நேரத்தை விட்டால் அன்று அரை வயிறுதான்.

நெடுவாலன் ஒப்புக்கொண்டான். கரியப்பரும் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

மேற்கே ஒரு மொட்டைப் பாறை இருந்தது. அங்கே மரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதனால் யாரும் போவதில்லை. பொன்காலி அதைத் தேர்ந்தெடுத்தாள். குறுணிக்கு இன்னும் பறக்கத் தெரியாது. நடந்து வர முடியாத தூரம்.

கோரைப் புதருக்குள் குறுணியை உட்கார வைத்தாள்.

"நானும் வரேம்மா."

"முடியாதுடி. பொழுது சாயும்போது வந்துருவேன்."

"வரலைன்னா?"

"வருவேன்."

போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள். கோரைதான் தெரிந்தது.

பாறையில் நின்று முதல் பாடத்தைச் சொன்னாள். எதிர்மலையில் பட்டு அவள் குரல் அப்படியே திரும்பி வந்தது. அதைக் கேட்டதும் அவளுடைய கால்கள் தாமாகத் துள்ளின. ஓடிவிட வேண்டும் போலிருந்தது. மற்றவர்களுக்குத் தன் குரல் எப்படிக் கேட்கிறது என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஓர் ஓணான் எட்டிப் பார்த்தது. தலையை மூன்று முறை ஆட்டியது. போய்விட்டது. பிறகு யாரும் வரவில்லை. அவள் இருபது முறை சொன்னாள். பாறை சுட்டது. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு சொன்னாள்.

அடுத்த வாரம் மைனா மறுபடி வந்தாள். இன்றைக்கு முடியாது என்று பொன்காலி சொன்னாள். மைனாவால் நம்ப முடியவில்லை. அக்காவுக்கு என்மேல் ஏதாவது கோபமா என்று கேட்டாள். கோபம் இல்லை, படிப்பு என்றாள் பொன்காலி. மான் கேட்டதற்கும் முடியாது என்றாள். மான்களில் ஒரு கல்யாணம் வந்தது. அதற்கும் போகவில்லை. உச்சிப் பொழுதில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். இடி இடித்தாலும் வரமாட்டாள் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது.

பேச்சும் கிளம்பியது. பெரிய படிப்புக்காரி வருகிறாள், வழி விடுங்கள் என்று பன்றி சொல்லும். பெற்ற பிள்ளையைக் கோரையில் போட்டுவிட்டுப் போகிறவளுக்குத் திட்டு ஒரு கேடா என்று மைனாவின் மாமியார் சொன்னாள். அது மட்டும் பொன்காலிக்குப் பாறை வரைக்கும் கூடவே வந்தது.

மேற்குக் காற்று அடிக்கும் நாளில் அவள் குரல் குளம்வரை கேட்டது. முதல் தடவை கூட்டம் எழுந்து ஓடியது. நெடுவாலன் மரத்து உச்சியிலிருந்து, "ஆள் இல்ல, ஆள் இல்ல. பாடம்!" என்று கத்தித் திருப்பி அழைத்தான். அடுத்த தடவை பாதிப் பேர்தான் ஓடினார்கள். பிறகு யாரும் அசையவில்லை. "நாலாம் பாடம் நடக்குது," என்று நெடுவாலன் அத்திப்பழத்தைக் கடித்துக்கொண்டே சொல்வான். சிரித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள்.

கரியப்பர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவரும் படுத்துக்கொண்டார்.

எட்டாவது சந்தைக்கு மறுநாள். பொன்காலி பாறையில் ஆறாம் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஈரக் கரையில் பதிந்த குளம்படியில் எத்தனை மூச்சுக்குள் தண்ணீர் ஊறுகிறது என்று எண்ணும் பாடம். நூறு மூச்சு என்றால் நாற்பது நாள் என்று சொல்லும்போது கீழே ஏதோ அசைந்தது.

காய்ந்த ஓடை வழியாக ஆட்கள் வந்தார்கள். ஆறு பேர். இரண்டு பேர் தோளில் வலை. பாதையை விட்டு ஓடையில் வந்ததால் நெடுவாலனுக்கு மரத்திலிருந்து அவர்கள் தெரியவே மாட்டார்கள்.

பொன்காலி கத்தினாள். பாடம் இல்லை, காவல் கத்தல். தன் வாழ்நாளில் அவ்வளவு உரக்க அவள் கத்தியதில்லை. காற்றும் மேற்கிலிருந்துதான் அடித்தது.

குளத்தில் எல்லாருக்கும் கேட்டது. "இன்னிக்குப் பாடம் கொஞ்சம் கஷ்டம் போலிருக்கு," என்றான் நெடுவாலன். ஒரு மான் காதைத் திருப்பிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

பாறையிலிருந்து பார்த்தால் குளத்து மரங்கள் தெரியும். கூட்டம் ஓடினால் அந்த மரங்களுக்கு மேல் புழுதி எழும். புழுதி எழவில்லை. மறுபடி கத்தினாள். புழுதி எழவில்லை. கரியப்பர் சொன்னது அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவளுடைய குரலுக்கு இரண்டு அர்த்தம் வந்துவிட்டது.

பறந்தாள்.

ஓடை வளைந்து குளத்தைத் தொடும் இடத்தில்தான் அந்தக் கோரைப் புதர். ஆட்கள் அதன் வழியாகத்தான் கரையேற வேண்டும். பொன்காலி பறந்துகொண்டே அதைப் பார்த்தாள். இறங்கலாம். சிறகு ஒடிந்தவள் போல் அவர்கள் முன்னால் இழுத்து இழுத்து நடந்தால், பிடிக்கலாமென்று அவளைத் துரத்தி வேறு பக்கம் போவார்கள். குறுணி பிழைத்துக்கொள்வாள். ஆனால் ஆறு பேரில் ஒருவன் துரத்துவான். மற்ற ஐந்து பேர் வலையோடு குளத்துக்குப் போவார்கள்.

குறுணி படுத்திருப்பாள் என்று அவள் நினைத்தாள். தன் குரலை இன்னும் நம்பும் உயிர் அது ஒன்றுதான். படுத்திருப்பாள்.

கோரைக்கு மேலாகவே பறந்து போனாள். இறங்கவில்லை.

முதலில் பார்த்தவள் மைனா. "அக்கா வர்றாங்க," என்றாள். பிறகு அவளே நிமிர்ந்து சூரியனைப் பார்த்தாள். "இன்னும் பொழுது சாயலியே."

கரியப்பர் கண்ணைத் திறந்தார். உச்சிக்கும் பொழுது சாய்வதற்கும் நடுவில் பொன்காலியைக் குளத்தில் பார்த்தவர் யாரும் இல்லை. மைனாவின் குஞ்சுக்காக வராதவள். மான் கல்யாணத்துக்கு வராதவள். இடிக்கும் மழைக்கும் வராதவள். அவள் வந்து அவர் மூக்குக்கு எதிரே இறங்கினாள். பேச மூச்சில்லாமல் அலகைத் திறந்து நின்றாள்.

கரியப்பர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழுந்தார். ஓடினார். அவர் ஓடியதும் கூட்டம் முழுக்க ஓடியது.

ஆட்கள் கரையேறியபோது சூடான சாணம் மட்டும் இருந்தது. வலையை விரிக்காமலே சுருட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பினார்கள்.

அவர்கள் போனதும் பொன்காலி கோரைக்குப் போனாள். குறுணி படுத்த இடத்திலேயே படுத்திருந்தாள். அவளுடைய அலகுக்கு ஒரு சாண் தள்ளி, சேற்றில் ஒரு செருப்புத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. அதில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

"எழுந்திருக்கலாமா?" என்றாள் குறுணி.

"எழுந்திரு."

குறுணி எழுந்து காலை உதறிக்கொண்டாள். தாயைப் பார்க்கவில்லை. "நீ என் மேலேயே பறந்து போனே," என்றாள்.

"ஆமா."

அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

மாலையில் கரியப்பர் வந்தார். இனிப் பாறைக்குப் போக மாட்டேன் என்று பொன்காலியே முந்திக்கொண்டு சொன்னாள். அவர் வெகுநேரம் அசைபோட்டார்.

"போம்மா," என்றார். "அந்த அரை நாள்ல நீ அங்க என்ன கத்தினாலும் நாங்க எழுந்திருக்கிறதில்ல. நீ நேர்ல வந்தா ஓடறோம். அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. வேற எதுக்காகவும் நடுவில வந்துடாதே. ஒரு தடவை வந்தாலும் கெட்டுப்போயிடும்."

 அடுத்த வாரம் மைனா குஞ்சுகளைத் தன் மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனாள்.

பத்தாவது சந்தை கழிந்தது. மறுநாள் காலையில் கரையில் எல்லாரும் கூடினார்கள். சாம்பலன் தள்ளி ஒற்றைக் காலில் நின்றார். பொன்காலி சேற்றைப் பார்த்தாள். அலகால் நத்தையின் ஆழம் பார்த்தாள். கோரை நுனியை எண்ணினாள். கரியப்பரை ஒரு காலை அழுத்தி எடுக்கச் சொல்லி, அந்தக் குளம்படியில் தண்ணீர் ஊறும்வரை மூச்சை எண்ணினாள். பிறகு நிமிர்ந்து, "முப்பத்தாறு நாள்," என்றாள்.

அந்தக் குரலுக்கு எல்லாருக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. ஆனால் நின்றார்கள்.

"நான் முப்பத்தேழுன்னு வெச்சிருந்தேன்," என்றார் சாம்பலன். "யாரு சரின்னு பார்க்க நான் இருக்க மாட்டேன். திட்டு உங்களுது."

அன்று உச்சிக்குள் நாரைக் கூட்டம் கிளம்பிவிட்டது. அவர் விடைபெறவில்லை. நாரைகளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

முப்பத்தாறாவது நாள் குளத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை. அதற்கு ஒரு வாரம் முன்பே பொன்காலி சொன்னபடி கூட்டம் ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு குட்டியும் வழியில் விழவில்லை. ஆனால் அது பிறகு நடந்தது.

பிள்ளைகளே, பெரியவர்களே, இந்தக் கதையின் நீதி இது. கேட்டவர்களுக்கெல்லாம் பிட்டுப் பிட்டுக் கொடுக்கும் நேரத்துக்கு மதிப்பே இல்லை. தனக்கென்று ஒரு வேளையை ஒதுக்கி யாருக்கும் கொடுக்காமல் காப்பவர்தான், கொடுத்தே தீர வேண்டிய நாளில் அதைப் பெரிதாகக் கொடுக்க முடியும், அப்படிக் காப்பதற்கு ஆகும் செலவையும் அவர்தான் ஏற்க வேண்டும்.

பொன்காலி திட்டுக்குக் குடிபோன அன்று குறுணிக்குச் சிறகு முளைத்துப் பறக்க வந்திருந்தது. கரைக்காவல் காலியாக இருந்தது. கரியப்பர் குறுணியைக் கூப்பிட்டு, அம்மாவோடு திட்டுக்குப் போகிறாயா, கரையில் நிற்கிறாயா என்று கேட்டார். பொன்காலி பக்கத்தில்தான் இருந்தாள்.

கரையில் நிற்பதாகக் குறுணி சொன்னாள்.